கூட வந்தவர் சொல்லும் பதில்

வலியோடு வருகிறவர் எந்தப் பல் என்று விரலை வைத்தே காட்டிவிடுவார். எங்கும் வலிக்காமல், அழகுக்காக வந்து உட்காருகிறவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டு அறிவதுதான் பல் வைத்தியத்தில் பெரும்பாடு. தொண்ணூறுகளில் காந்திபுரத்தில் ஒரு மாடியில் கிளினிக் வைத்திருந்தேன். வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்து, பற்பசை விளம்பரங்களில் எல்லாரும் பளீரென்று சிரிக்கத் தொடங்கியிருந்த காலம். தையல்காரர், போட்டோ ஸ்டூடியோக்காரர், முடி வெட்டுகிறவர் என்று, எதிரில் இருப்பவரிடம் "எப்படி வேணுங்க?" என்று கேட்டுப் பிழைக்கும் எல்லாருக்கும் என் பாடு புரியும்.

மூஞ்சிக்கு நேராக

தொண்டாமுத்தூர் விவசாயி ஒருவர் முன்பல் உடைந்து வந்தார். உறை போட்டேன். நீளம் சரியா, நிறம் சரியா, உதட்டில் இடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் நல்லா இருக்குதுங்க என்றார்.

பிறகு கடைவாய்ப் பல் வலி என்று அவர் வந்தபோது பார்த்தால், முன்பல்லில் இருந்தது என் வேலை அல்ல. ஈரோட்டில் சம்பந்தி வீட்டுக்குப் போன இடத்தில் மாற்றிக்கொண்டாராம். என்னிடமே சொல்லியிருக்கலாமே என்றேன். கொண்டுவந்த தேங்காய்களை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கே புடிக்கலீங்க. அவ்வளவு நேரம் குனிஞ்சு நின்னு செஞ்சீங்க. மூஞ்சிக்கு நேரா எப்படீங்க சொல்றது?"

அரை வெள்ளை

அவிநாசிக்கு அந்தப் பக்கம் சில ஊர்களில் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் காவிக்கறை இருக்கும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அப்படி ஓர் ஊரில் பிறந்து திருப்பூரில் வாழ்க்கைப்பட்டவள் கோகிலா. கணவர் சண்முகம், பனியன் துணியை வெளுத்துக் கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வருகிறது, வீடியோ எடுக்கிறார்கள், அதற்குள் மனைவியின் முன்பற்களை வெள்ளையாக்க வேண்டும் என்றார்.

பல்லின் முன்பக்கத்தை ராவிவிட்டு மேலே வெள்ளைப் பூச்சு வைக்கலாம், ஆனால் ராவியது ராவியதுதான், பழைய பல் திரும்ப வராது என்று விளக்கினேன். பல் நிறங்களை வரிசையாகக் கோத்திருக்கும் பட்டையைக் கோகிலாவிடம் நீட்டினேன். வாங்கியவர் சண்முகம். ஜன்னல் வெளிச்சத்தில் துணி பார்ப்பதுபோலச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். இருப்பதிலேயே வெளுப்பானதைத் தொட்டுச் சொன்னார்: "இதுவே அரை வெள்ளைதானுங்க டாக்டர். எங்க பட்டறையில இந்தச் சரக்க வெளிய உடமாட்டமுங்க."

எங்களுக்குள்ள

அடுத்த முறை மாமியார் பழனியம்மாள் கூட வந்தார். மருமகளிடம் நல்ல பிரியம். நாற்காலியில் அவள் கால் வைத்தபோதே சேலையைச் சரிசெய்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கஷ்டம் அதில்தான் இருந்தது. உனக்கு எந்த நிறம் பிடிக்கிறது என்று கோகிலாவைக் கேட்டால் பழனியம்மாள் சொன்னார். ராவுவதற்குச் சம்மதமா என்றால், அவ என்னங்க சொல்லப்போறா, பண்ணிப்போடுங்க என்றார். கோகிலா என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைத்தியம் தேடி வருகிறவரைவிடக் கூட வருகிறவர்தான் பேசுவார் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை மறந்து, கொஞ்சம் வெளியே உட்காருங்கள் என்று சொல்லிவிட்டேன். பழனியம்மாள் முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்க, எங்களுக்குள்ள மறைக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

வாய் நிறைய

பழனியம்மாளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு பக்கமும் இல்லை. முறுக்கு கடிக்க முடியவில்லை என்று முன்பே சொல்லியிருந்தார். அப்படியானால் உங்களுக்கும் அளவெடுத்துவிடலாம் என்று கோகிலாவை இறக்கிவிட்டு அவரை நாற்காலியில் ஏற்றினேன். அச்சுத் தட்டு நிறைய மாவைக் குழைத்துப் போட்டு வாய்க்குள் அழுத்தினேன். இறுகும்வரை பேசவே முடியாது. அப்படியே கோகிலாவின் பக்கம் திரும்பி, இப்ப நீ சொல்லும்மா என்றேன்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துப் பேசினாள்: "எங்க ஊர்ல எல்லாத்துக்கும் பல்லு இப்படித்தானுங்க. வெளியாளுக முன்னால கைய வெச்சு மூடிட்டுத்தான் சிரிப்போம். எங்கக்காளும் நானும் ஒண்ணாச் சேந்தா மட்டும் மூடமாட்டமுங்க. நான் வெள்ளையாக்கிப்போட்டுப் போனா, அவ எனக்கு முன்னாலயும் வாய மூடிக்குவா." வெள்ளைப் பல் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. விளம்பரத்துப் பெண்களைப்போல ஒருநாள் சிரித்துப் பார்க்க அவளுக்கும் ஆசைதான். அக்காளும் கூடவே செய்துகொண்டால் நன்றாயிருக்கும் என்றாள்.

தட்டை எடுக்கும் நேரம் வந்தும் நான் கொஞ்சம் தாமதித்தேன். பழனியம்மாள் கண்ணை மூடாமல் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்ததும் வாய் கொப்பளித்து, முந்தானையால் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இன்னைக்கு எம்பல்லோட போதுங்க. இதெல்லாம் விசேசம் முடிஞ்சு பாத்துக்கலாம். வா கண்ணு."

இன்னொருக்கா

கிரகப்பிரவேசம் முடிந்தது. அக்காளையும் கூட்டி வந்தால் ஒரே வாரத்தில் இருவருக்கும் செய்துவிடலாம் என்று சொல்லியனுப்பினேன். நல்ல மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் கோகிலா வந்தாள். பழனியம்மாள் தாமாகவே வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அக்காள் வரவில்லை. காட்டு வேலையை விட்டுவிட்டு வர முடியாது, இந்த வயசுக்கு மேல் எனக்கு எதுக்கு, நீ பண்ணிக்கோ என்றாளாம்.

தொடங்கட்டுமா என்று கேட்டேன். கோகிலா கைக்கண்ணாடியை எடுத்து, யாருக்கோ காட்டுவதுபோல வாய் நிறையச் சிரித்துப் பார்த்தாள். அதைக் குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்தாள். நாற்காலியிலிருந்து தானே இறங்கினாள். கதவருகில் நின்று சொன்னாள்: "அக்காள இன்னொருக்கா கேட்டுப்போட்டு வாரனுங்க."

பிறகு அவள் வரவில்லை. வெள்ளைப் பல் வேண்டும் என்று வருகிறவரிடம் எல்லாம் யாரோடு சிரிப்பதற்கு என்று முதலில் கேட்டிருந்தால், எங்கள் தொழிலில் பாதிப் பேர் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம்.