பிரிட்ஜில் செத்த கிருமி

முதுகுத்தண்டில் ஊசி குத்தி எடுத்த நீரைப் பிரிட்ஜுக்குள் வைத்த கை விளங்காமல் போக! பத்தொன்பது வருஷமாக ஆஸ்பத்திரி லேபில் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணி வற்றியவள் அவள். நர்சுகள் வைத்த பெயர் பட்டாசு. கொளுத்திப் போடுவதும் அவர்கள்தான்.

மூளைக்காய்ச்சலைக் கொண்டுவரும் நியூமோகாக்கஸ் கிருமிக்கு, உடம்பைவிட்டு வெளியே எடுத்தால் குளிர் ஆகாது, செத்துவிடும். வார்டிலோ சிறுநீர்க் குப்பிகளோடு அதையும் பிரிட்ஜில் தள்ளிவிடுவார்கள். அப்புறம் கிருமி வளர்க்கும் தட்டில் பரப்பினால் என்ன முளைக்கும், மண்ணாங்கட்டி! ‘கிருமி இல்லை’ என்று சீட்டு போகும். சுகாதார அதிகாரி வருஷக் கடைசியில் பூஜ்யங்களைக் கூட்டிப் பூஜ்யம் என்று அனுப்புவார். நோயே இல்லாத ஊருக்குத் தடுப்பூசி எதற்கு என்று மேலிடம் கையை விரிக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன் அவள் தம்பி மகளுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. உயிர் தங்கியது, காது போய்விட்டது. அந்தக் குப்பியும் ஜில்லென்றுதான் வந்தது. ‘கிருமி இல்லை’ என்று கையெழுத்துப் போட்டவள் பட்டாசேதான். “அத்தை” என்று வாய் நிறையக் கூப்பிட்ட பிள்ளை இப்போது சேலையைப் பிடித்து இழுக்கிறது. வயிறு எரியாதா பின்னே?

இந்த வருஷ அறிக்கைக்கு நாலு நாள் இருக்கையில் ஒரு கைக்குழந்தை வலிப்போடு வந்தது. பட்டாசு வார்டுக்கே போய் நின்றாள்.

“நாங்க அனுப்ப மாட்டோமாக்கா?” என்றாள் நர்ஸ்.

“நீங்க அனுப்பிக் கிழிச்சது போதும். கையில குடு.”

குப்பியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு ஓடினாள். மறுநாள் ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டில் பச்சை வளையம் கட்டிய குட்டிப் புள்ளிகள். இன்னொரு நாள் சோதித்து, நியூமோகாக்கஸேதான் என்று உறுதி செய்தாள். மருந்தில் குழந்தைக்கு வலிப்பு நின்றிருந்தது. அவள் தட்டோடு அதிகாரியின் அறைக்குப் போனாள்.

அவர் எட்டிப் பார்த்தார். “ஒன்னே ஒன்னுதானேம்மா? இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? சரி, ஒன்னுன்னு போட்டு, இந்த வருஷம் வந்த மத்த முப்பத்தொரு குப்பிக்கும் கிருமி இல்லைன்னு கையெழுத்துப் போடுங்க.”

“நோய் வந்தது ஒன்னு இல்ல சார். நம்ம பிரிட்ஜுக்குத் தப்பிச்சதுதான் ஒன்னு. மத்ததுக்கு ‘நாங்க கெடுத்துட்டோம்’னு எழுதுங்க, போடறேன்.”

“அப்படியெல்லாம் எழுத முடியுமா?”

“அப்ப நீங்களே போட்டுக்குங்க. என் தம்பி பொண்ணு சீட்டுல ஒரு தடவ போட்டுட்டேன். அவளுக்கு இன்னைக்கு என் குரல்கூட கேக்காது.”