கயிற்றைக் கழற்றியவர்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதத்து வெயிலில், வடமராட்சிக் கிழக்கில் இருக்கும் மணற்காட்டில் நடந்தது இது.

யாழ்ப்பாணத்தில் மலை ஏறப் போனோம் என்றால் மற்ற ஊர்க்காரர் சிரிப்பார்கள். எங்கள் குடாநாடு தோசைக்கல் மாதிரித் தட்டை. அண்ணாந்து பார்ப்பதற்குப் பனையும், தண்ணீர்த் தாங்கியும், கோயில் கோபுரமும்தான் உண்டு. ஆனால் மணற்காட்டில் மலை இருக்கிறது. காற்று அள்ளிக் கொட்டிக் கொட்டி உயர்த்திய வெள்ளை மணற்குன்றுகள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகக் கடற்கரையோடு போகின்றன. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்களை அங்கே சுற்றுலா கூட்டிப் போயிருந்தார்கள். சிஸ்டர் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறியதும், நாங்கள் வெள்ளைச் சட்டையோடு உச்சியிலிருந்து உருண்டு வந்ததும், வீட்டுக்கு வந்தபின் தலையிலிருந்து நாள்கணக்காக மணல் கொட்டியதும் இன்றைக்கும் நினைவில் இருக்கின்றன. அன்று எல்லோருக்கும் முதல் உச்சியில் போய் நின்று இரண்டு கையையும் விரித்துக் கூவியவள் என் தோழி.

பள்ளிக்கூடம் முடிந்து கொஞ்சக் காலத்தில் அவள் நோர்வேக்குப் போய்விட்டாள். நான் குருநகரிலேயே இருந்தேன். கல்யாணம் ஆனது, பிள்ளைகள் வந்தார்கள், வீட்டில் ரோல்ஸ், பற்றிஸ் என்று சிற்றுண்டி செய்து கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டு காலம் ஓடியது. இடையில் அவளோடு போனில் கதைத்ததுதான். அந்த வருடம் விடுமுறைக்கு வந்தவள், என் வீட்டுக் குசினியில் நின்று சூடான ரோல்ஸை ஊதி ஊதித் தின்றபடி, "மலைக்குப் போவமே?" என்று கேட்டாள்.

"இஞ்சை எங்கையடி மலை?"

"மணற்காடு இருக்குத்தானே. ஏறி, அப்பிடியே மணலாலை நாகர்கோயில் பக்கமா நடந்து போட்டு வருவம். நான் அங்கை ஞாயிறு எண்டா மலையிலைதான் நிப்பன்."

அவள் சொன்ன நாகர்கோயில், அதே கடற்கரையில் இருக்கிற எங்கள் பக்கத்து ஊர். நடக்கிறது என்றால் சந்தைக்கும் பூசைக்கும் மட்டும்தான் என்றிருந்த ஆள் நான். முழங்காலும் அவ்வளவு நல்லதில்லை. ஆனால் அவள் முகத்தில் பள்ளிக்கூடக் காலத்துச் சிரிப்பைக் கண்டதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. தெரிந்த ஓட்டோக்காரத் தம்பியைப் பிடித்துக்கொண்டு சனிக்கிழமை காலை புறப்பட்டோம்.

நேரத்தோடு போயிருக்கவேண்டும். வழியில் நெல்லியடியில் இறங்கித் தோசை சாப்பிட்டோம். அங்கே அவளுடைய பழைய பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டு கதைத்ததில் நேரம் போய்விட்டது. மணல் மூடிக் கிடக்கிற பழைய அந்தோனியார் கோயிலடியில் ஓட்டோவை விட்டு இறங்கும்போது வெயில் ஏறிவிட்டிருந்தது. அவள் நோர்வேயிலிருந்து கொண்டுவந்த இரண்டு ஊன்றுகோல்களையும் ஒரு சிவப்பு மழைச் சட்டையையும் எடுத்துக்கொண்டாள். ஆளுக்கொரு போத்தல் தண்ணீர். ஓட்டோத் தம்பி, "அக்கா, கனதூரம் போகாதேங்கோ" என்று பின்னால் நின்று சொன்னது கேட்டது.

மணலில் ஏறுவது கல்லில் ஏறுவது போல் இல்லை. மேலே வைத்த கால் அரைவாசி கீழே வழுக்கி வரும். கையால் பிடிக்க ஏதும் இல்லை. இராவணன் மீசை என்கிற முட்புல் உருண்டைதான் அங்கங்கே கிடக்கும், அதைப் பிடித்தால் கை கிழியும். முதல் குன்றின் உச்சியில் போய் நின்றபோது என் நெஞ்சு வெடிக்கும் போல இருந்தது. அவளோ அன்றைக்குப் போலவே கையை விரித்துக் கூவினாள். நானும் கூவினேன். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து மணலில் இருந்துவிட்டோம். எங்களோடு படித்தவர்களில் யார் எந்த நாட்டில், யார் இல்லாமல் போனார்கள் என்று கதைத்தபடியே அடுத்த குன்று, அதற்கடுத்த குன்று என்று நடந்தோம். இத்தனை வருடத்தில் அவ்வளவு சந்தோசமாக நான் ஒரு நாளும் இருந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, தண்ணீர் முடிந்ததைக்கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

ஓர் உயரமான குன்றில் நின்று பார்த்தபோது கீழே தூரத்தில் கடற்கரை தெரிந்தது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய வலையைப் படகில் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று இழுப்பார்கள். முன்பு நாற்பது ஐம்பது பேர் இழுப்பார்களாம். இப்போது உழவு மெசின், அதாவது டிராக்டர்தான் இழுக்கிறது. வலைக்கு மேலே கடற்பறவைகள் கூட்டமாக இறங்கி இறங்கி எழும்பிக்கொண்டிருந்தன. என் அப்பா கடல்தொழில் செய்தவர். கரைவலை எங்கள் தொழில் இல்லாவிட்டாலும், பறவை அப்படி இறங்கினால் வலைக்குள் நல்ல மீன் என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தேன். மணலில் இருந்துகொண்டு தலையைப் பிடித்தபடி இருந்தாள். முகம் சிவந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தால் அடுப்புப் போலச் சுட்டது, ஆனால் ஒரு துளி வியர்வை இல்லை. "என்னடி செய்யுது?" என்று கேட்டேன். அவள் ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னாள். அது தமிழ் இல்லை. நோர்வே மொழியில் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வந்த பயம் போல் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் என் பக்கத்தில் இருந்து படித்தவள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, யாரோ வேற்று ஆளிடம் போல, எனக்குத் தெரியாத மொழியில் எதையோ கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அப்படியே சரிந்துவிட்டாள்.

ஓட்டோத் தம்பிக்குப் போன் எடுத்தேன். அவசரத்தில் இரண்டு தரம் பிழையான நம்பரை அமர்த்தினேன்.

"அக்கா, மணலுக்கை ஓட்டோ வராது. சில்லு புதைஞ்சிடும். கரையிலை கரைவலைக்காரர் நிக்கினமோ பாருங்கோ. அவையிட்டை மெசின் இருக்கும். எப்பிடியெண்டாலும் அவவை றோட்டுக்குக் கொண்டு வாங்கோ, நான் றோட்டிலை நிக்கிறன்" என்றான்.

அவளைத் தூக்க என்னால் முடியாது. விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று எங்கள் காலடிகளை முழுக்க மூடிவிட்டிருந்தது. எல்லாக் குன்றும் ஒரே மாதிரி. இறங்கிப் போனால் இவள் எந்தக் குன்றில் கிடக்கிறாள் என்று எனக்கே தெரியாமல் போய்விடும். பக்கத்தில் ஒரு தாழம்புதர் இருந்தது. அதன் ஓரத்துக்கு அவளை இழுத்து, என் சால்வையை அதன் முட்களில் கொழுவி முகத்துக்கு நிழல் செய்தேன். சிவப்புச் சட்டையை ஒரு ஊன்றுகோலில் கட்டி உச்சியில் குத்தினேன். "அந்தோனியாரே, நீர்தான் பாத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன்.

ஓடினேன் என்று சொல்கிறேன். அரைவாசி விழுந்ததுதான். செருப்பு மணலுக்குள் போய்விட்டது. வெறுங்காலில் மணல் சுட்ட சூடு அந்த நேரம் தெரியவில்லை, இரவுதான் கொப்புளங்களைக் கண்டேன். காற்று என் பின்னாலிருந்து வீசியதால் நான் கத்தியது கொஞ்சம் கேட்டிருக்கவேண்டும். நான் கரைக்கு வருவதற்கு முன்பே ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு கயிற்றடியில் நின்றவர்தான் வலையின் சொந்தக்காரர். சம்மாட்டியார் என்று சொல்லுவார்கள். என் அண்ணன் வயது இருக்கும்.

"என்ன தங்கச்சி? ஆர் நீங்கள்?"

"அண்ணை, என்ரை சிநேகிதி மேலை விழுந்து கிடக்கிறா. வெயில் அடிச்சுப்போட்டுது. கதை பேச்சில்லை. உங்கடை மெசின்..." குன்றுப் பக்கம் கையை நீட்டினேன். தூரத்தில் சிவப்புச் சட்டை ஆடிக்கொண்டிருந்தது.

அவர் குன்றைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். அங்கே நின்ற எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். பறவைகள் இப்போது கரைக்கு நல்ல கிட்ட வந்திருந்தன.

"கயித்தைக் கழட்டு" என்றார்.

மெசினில் இருந்தவர், "அண்ணை, மடி கிட்ட வந்திட்டுது. இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சா..." என்று இழுத்தார். மடி என்பது வலையின் நடுவில் மீன் சேருகிற பை.

"கழட்டெண்டெல்லோ சொன்னனான். அங்கை ஒரு உசிர் கிடக்குது."

கழற்றினார்கள். மிச்சம் நின்ற ஐந்தாறு பேர் கயிற்றைக் கையில் பிடித்துக் காலை மணலில் ஊன்றிப் பார்த்தார்கள். மெசின் இழுக்கிற பாரத்தை அத்தனை பேரால் எப்படிப் பிடிக்க முடியும்? கயிறு அவர்களைக் கடல் பக்கம் இழுத்தது.

மெசின் குன்றின் அடிவரை வந்தது. அங்கிருந்து சம்மாட்டியாரும் இன்னும் இருவரும் ஒரு படங்கை, தார்ப்பாய்தான், எடுத்துக்கொண்டு, சிவப்புச் சட்டையைக் குறிபார்த்து ஏறினார்கள். நானும் பின்னால் தவழ்ந்தேன். அவளுக்கு உயிர் இருந்தது. படங்கில் கிடத்தி, நாலு மூலையையும் பிடித்து இறக்கினார்கள். நாலாவது மூலை என்னுடையது. மெசினின் பின்பெட்டியில் ஏற்றி, தாங்கள் குடிக்கப் பிளாஸ்டிக் கானில் வைத்திருந்த தண்ணீரை அப்படியே அவள் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றினார்கள். அவள் கண்ணைத் திறந்து அவர்களைப் பார்த்து நோர்வே மொழியில் ஏதோ உரக்கச் சொன்னாள். "ஓம் ஓம், எல்லாம் சரி பிள்ளை, ஒண்டுக்கும் பயப்பிடாதையுங்கோ" என்று சம்மாட்டியார் எல்லாம் விளங்கின ஆள் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

றோட்டை நோக்கி மெசின் திரும்பியபோது நான் ஒருதரம் கடலைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். பறவைகள் கலைந்து வெளிக்கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தன. வலை தளர்ந்து மீன் போய்விட்டது. தோழியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். அவளுக்காக அழுகிறேன் என்று நினைத்துச் சம்மாட்டியார் என்னைத் தேற்றினார்.

பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டொக்டர் சொன்னார். பின்னேரம் அவள் தமிழில் கதைத்தாள். முதல் கேள்வி, "என்ரை கோல் எங்கையடி?" என்பதுதான். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பிறகு பறவைகளின் கதையைச் சொன்னேன். "போறதுக்கு முன்னம் அவையைப் போய்ப் பாக்கவேணும்" என்று அவள் கட்டிலில் எழும்பி இருந்தாள்.

அவள் திரும்பிப் போவதற்கு முன்பு ஒரு நாள் இரண்டு பேரும் அங்கே போனோம். என்ன கொண்டுபோவது என்று தெரியாமல், விடியவே எழும்பி ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ் செய்தோம். அவள்தான் இருந்து உருட்டினாள், பாதி வெடித்துப்போயின. எங்களைக் கண்டதும் சம்மாட்டியார், "ஆ, வாங்கோ வாங்கோ! அண்டைக்கு எங்களை என்ன பாசையிலை ஏசினனீங்கள்?" என்று கேட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். வெடித்த ரோல்ஸ்தான் முதலில் முடிந்தது.

தோழி மெதுவாகத் தொடங்கினாள். "அண்ணை, அண்டைக்கு எங்களாலை உங்கடை வலை..."

"அதை விடுங்கோ. இண்டைக்கும் கடல் கிடக்குதுதானே. மடி கிட்ட வந்திட்டுது, ஆள் காணாது. வந்து கயித்தைப் பிடியுங்கோ."

பகிடி என்று நினைத்தோம். அவர் உண்மையாகத்தான் கூப்பிட்டிருந்தார். கடைசியில் மடியைக் கரைக்கு எடுக்க மெசின் சரிவராது, கைதான் வேண்டும். இரண்டு பேரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்று இழுத்தோம். ஈரக்கயிறு உள்ளங்கையை உரித்தது. மடி கரையேறியபோது பெரிதாக ஒன்றும் இல்லை. சூடை மீன் கொஞ்சம், நடுவில் துள்ளிக்கொண்டு சில பாரைகள். பங்கு பிரிக்கும்போது எங்களுக்கும் ஒரு குவியல் வைத்தார்கள். நாங்கள் வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் போனோம். மெசின் ஓட்டுகிறவர் மீனை ஒரு சொப்பிங் பையில் அள்ளிப் போட்டு என் கையில் திணித்தார்.

"கயித்திலை கை வைச்ச ஆருக்கும் பங்கு குடுக்காமல் விடுறேல்லை அக்கா."

அன்றைக்கு மத்தியானம் என் வீட்டில் அந்த மீனைத்தான் குழம்பு வைத்தோம். கயிறு உரித்த கையில் உறைப்புப் பட்டு எரிந்ததால் இரண்டு பேராலும் சோறு குழைத்துச் சாப்பிட முடியவில்லை. கரண்டியால் சாப்பிட்டோம். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பை அள்ளி விட்டாள்.

இப்போது அவள் நோர்வேயில், நான் இங்கே. ஒவ்வொரு ஆனி மாதமும் சோளகம் வீசத் தொடங்கினால் அந்தக் கரையும் அந்த மனிதர்களும் என் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள். சில உதவிகளைத் திருப்பிச் செய்து தீர்க்க முடியாது, ஆனால் தந்தவர்கள் நம்மைக் கடனாளியாக நிற்க விடாமல் பக்கத்தில் இடம் விட்டுக் கூப்பிடும்போது, வெட்கப்படாமல் போய் அவர்களோடு சேர்ந்து நிற்கத்தான் வேண்டும் என்பதை அவர்களிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.