பெட்டியக்காவும் பாட்டு டிஸ்க்கும்

பெட்டியக்கா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிரே இருக்கும் மருந்துக்கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார். எந்நேரமும் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் வந்த பெயர். கடையில் பாதி அவளுடையது. மீதிப் பாதியில் அவள் தங்கை ஜெராக்ஸ் போடுகிறாள். நடுவில் தடுப்பு கிடையாது. அதனால் அக்காவைத் தேடி வருகிறவர்களுக்குத் தங்கையின் வாயும் இலவசமாகக் கிடைக்கும்.

பெட்டியக்காவிடம் ஒரு விசித்திரம் உண்டு. இத்தனை வருஷம் இதே வேலையைச் செய்த பிறகும், செத்துக் கிடந்த ஒரு கம்ப்யூட்டர் எழுந்து திரையில் வெளிச்சம் வரும்போது அவள் வாய் தானாகத் திறந்துகொள்ளும். தங்கை விடமாட்டாள். "வாய மூடுக்கா, ஈ பூந்துடப் போகுது" என்பாள். அக்கா மூடிக்கொள்வாள். அடுத்த பெட்டிக்கு மறுபடி திறந்துகொள்ளும்.

இதற்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. சின்ன வயதில் அவள் ஒரு துணி கம்பெனி அலுவலகத்தில் கணக்குகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் அவளுடைய கம்ப்யூட்டர் எழவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. ரிப்பேர் பார்க்க வந்தவர் பெட்டியைத் திறந்து, போகிற போக்கில் ஒன்று சொன்னார். சுவிட்சைப் போட்டதும் இதற்கு எதுவும் தெரியாதாம். தான் யார், தன்னிடம் என்னென்ன இருக்கிறது, ஒன்றும் தெரியாதாம். டிஸ்க்கின் ஓரத்தில் ஒரு துளியூண்டு இடத்தில் எழுதி வைத்திருப்பதைத் தேடிப் பிடித்துப் படித்த பிறகுதான் மற்றதெல்லாம் எங்கே என்று கண்டுகொள்ளுமாம். சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார். இவளுக்கு மதியச் சோறு இறங்கவில்லை. ஒன்றும் தெரியாமல் எழுந்த ஒன்று, பத்து மணிக்குள் கம்பெனி முழுவதன் கணக்கையும் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, இது எப்படி? அந்த ஆச்சரியம்தான் அவளை அந்த நாற்காலியிலிருந்து கிளப்பி, வீட்டில் எல்லோரிடமும் திட்டு வாங்க வைத்து, கடைசியில் இந்தத் தொழிலில் கொண்டுவந்து விட்டது.

அவளுக்கென்று சில பிடிவாதங்களும் இருந்தன. புது டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் நகல் எடுத்த பிறகு, முதல் தடவை சுவிட்சைப் போடும்போது சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அதற்கு முன்பே பழைய டிஸ்க்குகளை எல்லாம் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவாள். பழையதும் புதியதும் ஒன்றாக இருந்தால் பெட்டிக்குக் குழப்பம் வந்துவிடும் என்பது அவள் கட்சி. சும்மா சொல்லக்கூடாது, நல்ல பழக்கம்தான். அன்றைக்கு அவளைக் கவிழ்த்ததும் அதே நல்ல பழக்கம்தான்.

அன்று காலை ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு வயதான தம்பதி வாசலில் நின்றிருந்தார்கள். அந்த அம்மாவின் இடுப்பில் குழந்தையைப் போல ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. கணவர் கழுத்தில் ஒரு துணிப்பட்டை, தோளில் ஒரு பை, கையில் ஒரு சிலேட்டு.

"இது எங்க வீட்டுக்காரரோட குரலும்மா" என்று சொல்லி அந்த அம்மா பெட்டியை மேஜையில் வைத்தார்.

பெட்டியக்காவுக்கு முதலில் புரியவில்லை. உட்கார வைத்து விசாரித்தாள். அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். தொண்டையில் நோய் வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் யாரோ நல்ல மனுஷர் யோசனை சொல்லி, அவரைப் பக்கம் பக்கமாகப் படிக்க வைத்துக் குரலைப் பதிவு செய்திருக்கிறார்கள். இப்போது அவர் விசைப்பலகையில் தட்டினால் பெட்டி அவர் குரலிலேயே பேசும். அந்த மென்பொருளை விற்ற கம்பெனி கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டது. இந்தப் பெட்டியில் இருக்கிறவரைக்கும்தான் அது. வேறொன்றில் புதிதாகப் போட்டால் அனுமதி கேட்கும், அனுமதி கொடுக்க ஆளில்லை.

"நல்லாத்தானே பேசுது, அப்புறம் என்ன?"

"பேசுது. எப்போ பேசுது? நான் ஒண்ணு சொல்லி, அவர் தட்டி, அது யோசிச்சு வாயத் திறக்கறதுக்குள்ள நான் பாத்திரமே கழுவி முடிச்சுடறேன். இவரு ஜோக்கு சொன்னா வந்தவங்க செருப்பு மாட்டிட்டு இருக்கும்போது கேக்குது. வரவர ரொம்ப மோசம். ரெண்டு வருஷமா எங்க வீட்ல எல்லா சண்டையிலயும் நான்தான் ஜெயிக்கிறேன்."

"அதுல என்ன கஷ்டம் உங்களுக்கு?" என்றாள் ஜெராக்ஸ் தங்கை.

"தனியா நின்னு ஜெயிக்கிறதுல என்னம்மா இருக்கு" என்றார் அந்த அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, கண்டக்டர் வேறு பக்கம் பார்க்கும் நேரமாகப் பார்த்துச் சொன்னார். போன மாதம் ஒரு கோபத்தில், என்னைக் கட்டிக்கிட்டு என்னத்தைக் கண்டீங்க என்று இந்த அம்மா கேட்டுவிட்டாராம். கண்டக்டர் மும்முரமாக ஏதோ தட்டியிருக்கிறார். பெட்டி உறைந்து நின்றுவிட்டது. அந்த அம்மா கோபத்தோடு கடைக்குப் போய்விட்டார். பதிலைப் பெட்டி எப்போதோ வெறும் வீட்டில் பேசி முடித்திருக்கிறது. திரும்பி வந்து கேட்டால், கண்டக்டர் விடு என்று கையை வீசிவிட்டார். "என்ன சொன்னாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

பெட்டியக்கா பெட்டியைத் திறந்தாள். உள்ளே இரண்டு டிஸ்க்குகள். இரண்டும் கிழடு தட்டிய பழைய ரகம், தட்டு சுழல்கிற வகை. தாமதத்துக்குக் காரணம் புரிந்துவிட்டது. "இந்த ரெண்டாவது எதுக்கு?" என்று கேட்டாள்.

"அது வெறும் பாட்டுதாம்மா. என் தம்பி போட்டுக் குடுத்தான்."

பெரிய டிஸ்க்கை மட்டும், சுழலும் தட்டே இல்லாத வேகமான புது எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு நகல் எடுக்க வைத்தாள். விரல் நீள அட்டையில் ஒரு மனிதரின் குரல் மொத்தமும் குடியேறிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பிலேயே அவளுக்குப் புல்லரித்தது. கண்டக்டர் சும்மா இருக்கவில்லை. தங்கை ஜெராக்ஸ் எடுத்த தாள்களை அடுக்கிக் கொடுத்தார், வரிசையில் முண்டியடித்த ஒருவரை மேஜையில் ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினார். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போகலாம். பஸ்ஸின் தகரத்தில் தட்டித் தட்டி வந்த பழக்கம், இப்போது வீடு முழுக்க அதுதான் பாஷை என்றார் மனைவி.

நகல் முடிந்தது. ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தாள். பழைய டிஸ்க்குகள் இரண்டையும் கழற்றி டின்னில் போட்டு மூடினாள். கண்டக்டர் இரண்டு தட்டு தட்டினார். சுவிட்சைப் போட்டாள்.

கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. எழுப்புவதற்கு உரிய டிஸ்க் எதுவும் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

பெட்டியக்கா பதறவில்லை. இது சகஜம். அட்டையைக் கழற்றி மாட்டினாள். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் எஸ்எஸ்டி ஜம்மென்று தெரிகிறது. தன்னுடைய பென்டிரைவ் மூலமாக உள்ளே எட்டிப் பார்த்தால் குரல் பதிவுகள், மென்பொருள், எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. ஆனால் தானாக எழச் சொன்னால் அதே ஒற்றை வரி.

"ஒண்ணுமில்லம்மா, பழசையே மாட்டிடறேன். அதுல ஓடும். அப்புறம் நிதானமா பாத்துக்கலாம்" என்று சொல்லி, பெரிய பழைய டிஸ்க்கை எடுத்து மாட்டினாள்.

அதிலும் அதே வரி.

இப்போதுதான் பதறினாள். காலையில் வீட்டில் பேசிவிட்டு வந்த டிஸ்க் இது. இதை அவள் எழுதவில்லை, அழிக்கவில்லை, வெறுமனே படித்ததோடு சரி. இதுவும் எழவில்லை என்றால் அவள் என்ன செய்து தொலைத்தாள்? மறுபடி போட்டாள். மறுபடியும். ஜெராக்ஸ் இயந்திரத்தின் சத்தம் நின்றிருந்தது. தங்கை கேலி பேசவில்லை என்பதே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அதுலயும் வரலியா?" என்றார் அந்த அம்மா. கேட்டவர் பெட்டியைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்தார். ஒரு மனிதரின் குரலை ஒரு தடவை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள், இரண்டாம் தடவை நான் எடுத்துவிட்டேன் என்று பெட்டியக்கா நினைத்தாள்.

கண்டக்டர் மேஜையில் ஒரு தட்டு தட்டினார். சிலேட்டில் எழுதி அவள் பக்கம் திருப்பினார்.

"இறங்கினது ரெண்டு பேர். ஏறினது ஒருத்தர்."

"அது பாட்டு டிஸ்க்குங்க ஐயா, அதுக்கும் இதுக்கும்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள். "உங்க தம்பி அந்த டிஸ்க்கை எப்பம்மா மாட்டினாரு?"

"வைரஸ் வந்துடுச்சுன்னு எல்லாத்தையும் அழிச்சு மறுபடி போட்டானே, அப்போ. அந்தக் கம்பெனி அன்னைக்கு இருந்துச்சு. பாட்டு டிஸ்க்கை முதல்ல மாட்டிட்டுத்தான் மத்த வேலையே பாத்தான். பாட்டுன்னா அவனுக்கு உசிரு."

பெட்டியக்கா டின்னைத் திறந்த வேகத்தில் மூடி உருண்டு தெருவுக்கே போய்விட்டது. பாட்டு டிஸ்க்கையும் மாட்டினாள். சுவிட்ச். கறுப்பு. டக், டக் என்று ஒரு நோஞ்சான் சத்தம். பிறகு மெல்ல, ஆமை வேகத்தில், திரையில் வெளிச்சம் வந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எத்தனை வருஷமாக இந்தப் பெட்டி இப்படி எழுந்திருக்கிறது! ஆபரேட்டிங் சிஸ்டத்தை நிறுவுகிற நேரத்தில் பாட்டு டிஸ்க் முதல் இடத்தில் இருந்திருக்கிறது. எழுப்பிவிடும் அந்தத் துளியூண்டு குறிப்பு பாட்டுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிட்டது. தினமும் காலையில் ஒன்றும் தெரியாமல் கண்விழித்த பெட்டி, முதலில் பாட்டு டிஸ்க்கிடம் போய், நான் யார் என்று கேட்டிருக்கிறது. அது பக்கத்து டிஸ்க்கைக் காட்டியிருக்கிறது. யாருக்கும் தெரியாது. பாட்டுதானே என்று கழற்றிப் போட்டால், குரல் முழுசாக இருந்தும் ஊமை. அவள் அந்தத் தேய்ந்த டிஸ்க்கைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

தம்பதிக்கு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினாள். கண்டக்டர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பாட்டு டிஸ்க் படத்துக்குப் பக்கத்தில் ஒரு விசிலை வரைந்தார்.

"ஆமாங்கய்யா. அதேதான். ஆனா இந்த சத்தத்தக் கேட்டீங்களா? இது ரொம்ப நாள் தாங்காது. விசிலைப் புது டிஸ்க்குக்கே மாத்திடணும்."

அந்த டக் டக் சத்தம் அவளை அவசரப்படுத்தியது. எஸ்எஸ்டியின் ஓரத்தைக் கொஞ்சம் சுருக்கி இடம் பண்ணினாள். பென்டிரைவிலிருந்து பெட்டியை எழுப்பி, எழுப்பும் கோப்புகளை அந்த இடத்தில் புதிதாக எழுதச் சொல்லி ஒரு கட்டளை தட்டினாள். ஒரு நொடி. முடிந்தது என்று வந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் ஒரு வித்தையும் கிடையாது. செட்டிங்ஸில் முதல் இடத்தை எஸ்எஸ்டிக்குக் கொடுத்தாள். இரண்டு பழைய டிஸ்க்குகளையும் மறுபடி கழற்றினாள். டின்னில் போடத் தைரியம் வராமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்டக்டரின் கை மேஜைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இரண்டு தட்டு.

திரை கறுத்தது. அந்த ஒற்றை வரி வருமென்று அவள் காத்திருக்கும்போதே சட்டென்று வெளிச்சம் பாய்ந்துவிட்டது. மூச்சு விடுவதற்குள் எழுந்து, எல்லாம் நினைவுக்கு வந்து, சொல்லுங்கள் என்று உட்கார்ந்திருந்தது. பெட்டியக்காவின் வாய் திறந்துகொண்டது. ஈ பூந்துடும் என்று சொல்ல ஆளில்லை. திரும்பிப் பார்த்தால் தங்கையின் வாயும் திறந்தே இருந்தது.

கண்டக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தட்ட ஆரம்பித்தார்.

"என்ன, பெருசா தட்டறீங்க? வந்துடுமாக்கும் உடனே?" என்று மனைவி வழக்கம்போல முந்திக்கொண்டார்.

"என்னைக் கட்டி என்னத்தக் கண்டீங்கன்னு கேட்டல்ல" என்றது பெட்டி. கனமான, கொஞ்சம் கரகரப்பான, பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் எட்டுகிற குரல். "எத்தனையோ பேர் ஏறினாங்க, எறங்கினாங்க. டிக்கெட்டே எடுக்காம கடைசி ஸ்டாப் வரைக்கும் வர்றவ நீ ஒருத்திதான்."

அந்த அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"யாரு டிக்கெட் எடுக்கல? மூணு வேளையும் வடிச்சுக் கொட்டறது டிக்கெட் இல்லாம என்னவாம்?"

"அது லக்கேஜ் சார்ஜ்" என்றது பெட்டி, அந்த அம்மா வாயை மூடும் முன்பே.

அந்த அம்மா முந்தானையை இறக்கினார். ஜெராக்ஸுக்கு வந்து நின்றவர்களைப் பார்த்தார், பெட்டியக்காவைப் பார்த்தார், கடைசியில் கணவரைப் பார்த்தார். அவர் விரல்களை விசைப்பலகைமேல் வைத்துக்கொண்டு அடுத்ததற்குத் தயாராகக் காத்திருந்தார்.

"சரி. ஜெயிச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மா அழுதார்.