கவிழ்த்து வைத்த யானை

ஆள் சின்னவள், வெடிப்பதில் பெரியவள். அதனால் வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பெயர். மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு வந்த கோபமோ நியாயமான கோபம்.

தேசிய ஜூனியர் பெண்கள் சதுரங்கப் போட்டி, கடைசிச் சுற்று. ஜெயித்தால் பட்டம் கடுகுக்கு. இல்லையென்றால் எதிரே உட்கார்ந்திருந்த சுருட்டைமுடிக்காரிக்கு. செல்போன் ரிப்பேர் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்த அக்காவை உள்ளே விடவில்லை. அவள் வராந்தாவில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடுகின் சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டியது. ராணியாக மாற்றினால் செக், அத்தோடு கதை முடிந்தது. கடிகாரத்தில் சில விநாடிகளே மிச்சம். வெட்டுப்பட்ட வெள்ளை ராணியைத் தேடினாள். மேஜையில் காணோம். சுருட்டைமுடிக்காரியின் மூடிய கைக்குள்ளிருந்து அதன் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. சண்டை போட ஏது நேரம்? வீட்டுப் பலகையில் ராணி தொலைந்து வெகுநாளாகிறது. அக்கா சொல்லிக்கொடுத்தபடி யானையைக் கவிழ்த்து வைத்து, அதையே ராணி என்று இருவரும் ஆடுவார்கள். அந்தப் பழக்கத்தில், வெட்டுப்பட்டுக் கிடந்த வெள்ளை யானையைத் தலைகீழாக வைத்துக் கடிகாரத்தைத் தட்டினாள்.

சுருட்டைமுடிக்காரி நடுவரைக் கூப்பிட்டாள். "சார், இது யானைதானே?"

"எப்படி வச்சாலும் யானைதாம்மா."

"ராணிய அவ கையில ஒளிச்சு வச்சிருக்கா சார்," என்றாள் கடுகு.

"கடிகாரத்த நிறுத்திட்டு என்னக் கேட்டிருக்கணும். இப்ப வச்சது வச்சதுதான்."

அதற்குப் பிறகுதான் அந்தக் கை திறந்தது. வெள்ளை ராணி சாவகாசமாக மேஜைக்கு வந்தது. கடுகுக்குக் காது வரை கொதித்தது.

ராணிபோல் மூலைவாட்டில் பாய முடியாத யானையால் செக் இல்லை. அடுத்த நகர்த்தலிலேயே எதிரியின் சிப்பாயும் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதற்கு வேண்டிய கறுப்பு ராணி கடுகின் பக்கம் கிடந்தது. அவள் கை போய் அதை மூடிக்கொண்டது. இப்போது நீ தேடு, நன்றாகத் தேடு என்று மனசு கறுவியது. எதிரே விரல்கள் காற்றில் நின்றன.

கடுகு கறுப்பு ராணியைப் பலகை அதிர எதிரே வைத்தாள். "இந்தா உன் ராணி. உன் புத்தி எனக்கு வேணாம்."

கொஞ்ச நேரத்தில் தோற்றாள். வெளியே அக்கா ஓடி வந்தாள்.

"எப்படிடி? ஜெயிக்கிற ஆட்டம்னு எல்லாரும் சொன்னாங்களே?"

கவிழ்த்த யானை என்று சொன்னால், அக்கா ஆயுசுக்கும் தன்னையே திட்டிக்கொள்வாள். கடுகு பல்லைக் கடித்தாள்.

"அவ நல்லா ஆடினாக்கா."

தோற்றதைவிட இதைச் சொன்னதுதான் அவளுக்கு ஆத்திரம்.