இருபத்திரண்டு கிலோ தாங்குமா?

"மலைக்குப் போற பை ஒண்ணு வேணும்ணே. நல்லதா, கெட்டியா."

போன மாதம் தனம் இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கடலூரில், தேவனாம்பட்டினத்தை ஒட்டிய குப்பத்தில் மீன் கூடை சுமக்கிறவள் அவள். மலை என்று அவள் பார்த்தது, பஸ் ஜன்னல் வழியாக ஒரு தடவை திருவண்ணாமலையை. அவளுக்கு எதற்கு ட்ரெக்கிங் பை?

"எந்த மலைக்கு?"

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல பையக் காட்டு."

தனத்தின் புருஷன் சேகரும் நானும் சுனாமிக்குப் பிறகு ஒரே தார்ப்பாய்க்குக் கீழே படுத்தவர்கள். நிவாரண லாரியில் மூட்டை இறக்க வந்தவன் நான். திரும்பிப் போக அவசரம் எதுவும் இல்லை, சில மாதம் தங்கிவிட்டேன். அந்தப் பழக்கத்தில் தனத்துக்கு நான் அண்ணன். அண்ணன் என்றால் பை வாங்கித் தர வேண்டாமா?

கடலூர்க் கடைகளில் தொங்குவதெல்லாம் ஸ்கூல் பை. அதனால் சிதம்பரம் கூட்டிப்போனேன். அண்ணாமலை நகர் லாட்ஜுகளில் கடைசி வருஷப் பையன்கள் ஊரைக் காலி செய்யும் முன் ஃபேன், சைக்கிள், பக்கெட் என்று சகலத்தையும் தள்ளிவிட்டுப் போவார்கள். இளங்கோ என்று பெண்ணாடத்துப் பையன் ஒருவன்... மலையேறும் கிறுக்கு. அவனிடம் ஒரு பெரிய பச்சைப் பை இருந்தது.

வாட்ச்மேன் தனத்தைப் படியோடு நிறுத்தினார். "லேடீஸ் மேல போகக் கூடாதும்மா."

"நான் என்ன ரூமா கேட்டேன்? பையைத்தான கேட்டேன்?"

கடைசியில் வியாபாரம் மாடிப்படியிலேயே நடந்தது.

பை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதையாவது ஒழுங்காகக் கற்றிருக்கிறேன். உரச்சாக்கில் கயிறு கட்டி மலை ஏறியிருக்கிறேன். தோள் உரிந்து சட்டையோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் புத்தி வந்தது. அந்தப் புத்தியைப் படியில் உட்கார்ந்து தனத்துக்கு எடுத்துவிட்டேன். எத்தனை லிட்டர் பை என்று கேட்காதே, உன் முதுகு எவ்வளவு நீளம் என்று பார். பின்கழுத்தில் முட்டுகிற எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரைக்கும், அதுதான் உன் அளவு. பாரத்தைத் தோள் தாங்கக் கூடாது, இடுப்பு தாங்க வேண்டும். வெறும் பையை மாட்டிப் பார்த்து வாங்குகிறவன் ஏமாளி. சுமையை வைத்து நடந்து பார்த்து வாங்கு...

தனம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு கேட்டாள்:

"இருவத்திரண்டு கிலோ தாங்குமா?"

இளங்கோ திடுக்கிட்டான். "அக்கா, பத்து நாள் மலையில சுத்துனாக்கூட நாங்க அவ்ளோ தூக்க மாட்டோம். என்னத்த தூக்கப் போறீங்க?"

"பவியை."

நானும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பவி அவளுடைய மகள். எட்டு முடிந்து ஒன்பது நடக்கிறது. பிறந்ததிலிருந்தே கால்கள் நிற்காது. வாய் மட்டும் ஊருக்கே போதும். சுனாமி வந்தபோது அவள் இடுப்புக் குழந்தை; தனம் இடுக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். இப்போது இடுப்பில் நிற்கிற எடையா அது?

"பிள்ளையை யாராவது பையில போடுவாங்களா?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

தனம் கோபப்படவில்லை. கருவாட்டு விலை சொல்கிற மாதிரி சொன்னாள். "சக்கர நாற்காலி குடுத்திருக்காங்க. மணல்ல உருளுமா அது? போன மார்கழியில புயலடிச்சப்போ ரெண்டு ஆம்பளைங்க பிளாஸ்டிக் சேரோட தூக்கினாங்க. ஆம்பளைங்க கடல்ல இருக்கிற நேரத்துல கடலு வந்தா? நீ வந்து தூக்குவியாண்ணே?"

நானோ ஊர் ஊராகச் சுற்றுகிறவன். கடல் வருகிற அன்று நான் எந்த ஊரில் இருப்பேனோ.

இளங்கோ மேலே போய்த் தன் புத்தகங்களையெல்லாம் அள்ளிவந்து பைக்குள் அடுக்கினான். பை பவி கனத்துக்கு வந்துவிட்டது. தனம் குனிந்தாள், பையைத் தூக்கினாள்... நேராகத் தலையில் வைத்துக்கொண்டாள்!

"ஐயோ அக்கா, அது முதுகுக்கு!"

பழக்கம் விடுமா? கூடை தூக்குகிற பெண்ணுக்குச் சுமை என்றால் தலைதான். முதுகில் மாட்டிவிட்டாலும் கழுத்தை விறைத்துக்கொண்டு நிமிர்ந்துதான் நின்றாள். தலைச்சுமைக்கு அதுதான் சரி. முதுகுச் சுமை சும்மா விடுமா? பின்னால் இழுத்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வாட்ச்மேன்கூடச் சிரித்தார்.

"சிரிங்க சிரிங்க" என்றாள். மறுபடி எழுந்தாள். முன்னால் சாய்ந்து நடக்கப் பழகும்வரை அந்த மாடிப்படியை விடவில்லை. இடுப்பு பெல்ட் கொசுவத்தின் மேல் நிற்காமல் வழுக்கியது. அதற்கும் பிறகு வீட்டில் வழி கண்டுபிடித்தாள். சேலைக்கு மேல் புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டால் பெல்ட் அசையவில்லை. எந்தக் கம்பெனிக்காரன் புத்தகத்தில் போட்டிருக்கிறான் இதை?

வீட்டுக்கு வந்ததும் செய்தாளே ஒரு காரியம்... கத்தரிக்கோலை எடுத்துப் பையின் அடியில் இரண்டு ஓட்டை போட்டாள். கால் விட. எனக்கு என் தோலையே வெட்டின மாதிரி இருந்தது. சேகர் வலை பின்னுகிற நைலான் நூலால் ஓட்டையின் விளிம்பைத் தைத்தான். கூடைக்கு வைக்கிற சும்மாடு மாதிரி துணியைச் சுருட்டி உள்ளே உட்கார இடம் அமைத்தாள் தனம்.

அப்புறம் தினமும் சாயங்காலம் ஒத்திகை. வீட்டிலிருந்து ரோடு வரை, பவி முதுகில்.

"அம்மா, உன் முடி என் மூக்குல குத்துது."

"கடலு வந்தா மூக்கைப் பாத்துக்கினு இருப்பியாடி?"

"கடலு வரும்போது தும்மலு வந்தா?"

எதிர்வீட்டு ராணிக்கு இது தினசரி சினிமா. ராணிக்கும் தனத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. குழாயடியில் யார் குடம் முன்னால் என்று வந்த சண்டை, இரண்டு வருஷமாக அப்படியே நிற்கிறது. ஆனால் பேசாமல் இருக்க முடியுமா? ராணி தன் ஆட்டைப் பார்த்துச் சொல்வாள்: "பாத்தியா, சில பேருக்கு ஸ்டேஷன்ல மூட்டை தூக்கற வேல கெடச்சிருக்கு." தனம் என்னைப் பார்த்துச் சொல்வாள்: "அண்ணே, சில பேரு ஒடம்புக்கு ஒரு மூட்டை அரிசியைக் கண்டாலே மூச்சு வாங்கும்." ஆடும் நானும்தான் நடுவில்.

பையின் பட்டைகளைத் தனத்தின் ஒல்லி உடம்புக்கு இறுக்கி, முடிச்சுப் போட்டு வைத்தேன். இனி அசையாது என்று பெருமையாக வேறு சொன்னேன்.

போன புதன்கிழமை மதியம் நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில் இருந்தேன். டிவியில் பெரிய எழுத்தில் ஓடியது. கடலுக்கு அடியில் பெரிய நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை.

டீ கையிலேயே ஆறியது. சேகருக்குப் போன் போட்டேன். கடலில் இருக்கிறான், எங்கே கிடைக்கும்? தனத்துக்குப் போட்டேன். லைனே போகவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டால் யாருக்குக் கிடைக்கும்?

கடலூர் பஸ்ஸில் ஏறினவர்கள் ஐந்தாறு பேர்தான். எதிரே வந்த பஸ்களில் கூரையிலும் ஆள். டவுனுக்குள் நுழைந்தபோது கடற்கரைப் பக்கமிருந்து ஜனம் வந்துகொண்டே இருந்தது. டிவி பெட்டியோடு ஒருத்தர், கோழியோடு ஒருத்தி, ஒன்றுமே இல்லாமல் வெறுங்கையோடு நிறைய பேர். நான் முதுகுகளை மட்டும் பார்த்துக்கொண்டே எதிர்த்திசையில் நடந்தேன். அந்தப் பச்சைப் பை எங்கேயும் இல்லை.

ஜனங்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்து வாசலில் தனத்தைக் கண்டேன். தலையில் கூடை இல்லை. முதுகில் பை இல்லை. "பவி எங்க?" என்றேன்.

"மார்க்கெட்ல இருந்தேண்ணே. வீட்டுக்கு ஓடுனேன். போலீஸு வுட மாட்டேன்னாங்க, தள்ளிட்டுப் போயிட்டேன். வீடு தெறந்து கெடக்கு. பவியும் இல்ல, பையும் இல்ல."

"யாராவது தூக்கியிருப்பாங்க."

"யாரு? அந்தப் பை எனக்கு மட்டும்தான சேரும்? நீதான கட்டுன?"

ஆமாம், நான்தான் கட்டினேன். ஒருத்தி முதுகுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி. அந்த ஒருத்தி வீட்டில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. படியில் உட்கார்ந்து அவ்வளவு பேசினேனே... இதைத் தவிர எல்லாவற்றையும் பேசியிருக்கிறேன்.

வகுப்பறை வகுப்பறையாகத் தேடினோம். குப்பத்துப் பையன் ஒருவன் ஓடிவந்து சொன்னான். "பவியத் தேடறீங்களா? திருப்பாப்புலியூர் ஸ்டேஷன் பக்கம் போறதைப் பாத்தேன். ராணிக்கா முதுகுல."

தனம் நம்பவில்லை. "யாரு முதுகுல?"

"ராணிக்கா."

ஸ்டேஷன் வரைக்கும் தனம் ஓடினாள். நான் பின்னால்.

பிளாட்பாரத்து பெஞ்சு நுனியில் ராணி உட்கார்ந்திருந்தாள். வியர்வையில் ரவிக்கை நனைந்து கிடந்தது. அவள் தோளுக்கு மேல் பவியின் தலை. அழுத அடையாளமே இல்லை. போகிற வருகிற ஜனங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா! நான்தான் பெரிம்மாவ சத்தம் போட்டுக் கூப்ட்டேன். வந்தாங்க. பை சின்னதா இருந்துச்சு, முடிச்ச நான்தான் பல்லால அவுத்தேன். மொதல்ல இடுப்பு கிளிப்பு, அப்புறம் தோள் பட்டைன்னு நான்தான் சொல்லிக்குடுத்தேன்."

தினம் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பையோடுதானே விளையாடுகிறாள்? கிளிப்புகள் அவளுக்கு மனப்பாடம். எங்களில் ஒருத்தராவது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? சுமக்கிறவளின் முதுகை அளந்தோம், உள்ளே உட்காரப் போகிறவளின் எடையைத்தான் கேட்டோம்.

ராணி தனத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஸ்கூலாண்ட நிக்கலாம்னேன். வுட்டாளா? எங்கம்மா ஸ்டேஷன் தாண்டித்தான் நிக்கச் சொல்லியிருக்கு, நட நடன்னா. மாட்டை ஓட்டற மாதிரி ஓட்டிக்கினு வந்தாண்ணே."

தனமும் என்னிடம்தான் சொன்னாள். "பெல்ட்டக் கழட்டி எறக்கச் சொல்லுண்ணே."

"தெரிஞ்சா கழட்ட மாட்டேனா? வந்து கழட்டச் சொல்லு."

தனம் கிட்டே போனாள். அவசரத்தில் மாற்றி மாற்றி இழுத்தாள். கிளிப் கழலவில்லை, நான் கழற்றினேன். பவியை இறக்கினோம். பட்டையை விலக்கினபோது ராணியின் தோள் இரண்டு பக்கமும் வரிவரியாகச் சிவந்து, ஒரு இடத்தில் தோலே வழன்றிருந்தது. அவிழ்த்தும் பட்டை அவள் அகலத்துக்கு எட்டவில்லை. அந்தத் தோளோடுதான் இத்தனை தூரம்.

தனம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் தன் முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து அந்தத் தோளில் ஒற்றினாள். பேசினாளா என்றால்... இல்லை. ராணி தோளை நகர்த்தவும் இல்லை.

கடல் வரவில்லை. சாயங்காலம் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். சேகரின் படகு மறுநாள் விடியலில் கரை சேர்ந்தது. இந்தக் கூத்து எதுவுமே அவனுக்குத் தெரியாது. வந்தவன் மீனைத்தான் முதலில் இறக்கினான்.

நேற்று குப்பத்துக்குப் போனேன். தெரு நடுவில் ராணி பையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். பழைய பட்டையோடு சேகர் புதுத் துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைத்திருக்கிறான். பட்டையில் நகப்பாலிஷால் இரண்டு கோடு, ஒன்று தனத்துக்கு, ஒன்று ராணிக்கு.

"பவி, ஒன் பெரிம்மாவ நிமிந்து நிக்காம முன்னால குனியச் சொல்லு" என்றாள் தனம்.

"பவி, ஒங்கம்மாவ வாயை மூடிக்கினு பெல்ட்ட இழுக்கச் சொல்லு" என்றாள் ராணி.

நல்ல பை வாங்க வேண்டுமா? முதுகை அளந்துகொண்டு போங்கள்... எதிர்வீட்டு முதுகையும் சேர்த்து!