முந்தைய தொழில்: பட்டாசு

இந்த ஊரில் குளிர்காலம் வந்துவிட்டால் கதவுகள் கடிக்கத் தொடங்கும். வினிப்பெக் நகரத்தில் டிசம்பர் முதல் மார்ச் வரை காற்றில் ஈரம் என்பதே இருக்காது. கம்பளம் விரித்த நடையில் பத்தடி நடந்து கதவுக் கைப்பிடியைத் தொட்டால் விரல் நுனியில் சுரீரென்று ஒரு பொறி பாயும். இங்கே பிறந்தவர்களுக்கு அது வேடிக்கை. பிள்ளைகள் வேண்டுமென்றே காலுறையைக் கம்பளத்தில் தேய்த்துக்கொண்டு போய் அடுத்தவர் காதைத் தொட்டுவிட்டு ஓடுவார்கள். பெரியவர்கள் கையை உதறிவிட்டுப் போய்விடுவார்கள். நான் மட்டும் ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று, சாவியை இரும்பில் ஒற்றி, பிறகு உள்ளங்கை முழுவதையும் வைத்து, ஒரு மூச்சு விட்டுத்தான் உள்ளே போவேன். என் வேலையிடத்தில் சிலர் அதை எங்கள் மதத்துப் பிரார்த்தனை என்றே நினைத்திருந்தார்கள். ஒருத்தி மரியாதையோடு எனக்குப் பின்னால் காத்து நிற்பாள். நான்கு வருடமாக நானும் அவளைத் திருத்தவில்லை.

அது பிரார்த்தனை இல்லை, தொழில். ஏழாயிரம்பண்ணைச் சாலையில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எட்டு வருடம் போர்மேனாக இருந்தவள் நான். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. தாயில்பட்டியிலிருந்து விருதுநகருக்குப் பஸ் ஏறிப் போய் வேதியியல் படித்தேன். அம்மா அந்தக் கம்பெனியில்தான் வெடிகளுக்குத் திரி சொருகினாள், இன்றும் சொருகுகிறாள். படித்து முடித்ததும், இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டும் ரிஜிஸ்டர்களை எழுத ஒரு படித்த பிள்ளை வேண்டும் என்று முதலாளி என்னைப் போர்மேனாக எடுத்துக்கொண்டார். நான் ரிஜிஸ்டரை எழுதியதோடு நிற்காமல் அதில் எழுதியிருப்பதை வாசித்தும் பார்த்துவிட்டேன். அங்கே ஆரம்பித்தது வம்பு.

மருந்து கலக்கும் அறையின் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகும். உள்ளே போகிறவர் செருப்பு, வளையல், ஊக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அந்தத் தகட்டில் கையை வைத்து, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை மண்ணில் இறக்கிவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். மருந்துக்கு ஒரு பொறி போதும். நான் சேர்ந்தபோது அந்தத் தகடு பச்சை பூத்துக் கிடந்தது. அதை இறுக்கியிருந்த ஆணியில் யாரோ சாப்பாட்டுத் தூக்கை மாட்டியிருந்தார்கள். தேய்த்துக் கழுவி, கம்பியை மாற்றி, இனி எல்லாரும் தொட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றேன். மருந்து கலப்பதில் மூத்தவர் மாடசாமி அண்ணாச்சி. இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏத்தா டீச்சரு, இருவது வருசமா இந்தக் கையால மருந்து கலக்குறேன். இனிமே தகட்டத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் உள்ள போகணுமோ?"

"கும்பிட வேண்டாம் அண்ணாச்சி. தொட்டாப் போதும்."

"தொடலேன்னா?"

"கதவத் தொறக்க மாட்டேன். சாவி எங்கிட்டல்ல இருக்கு."

"அம்புட்டுத் திமிரா?"

"ஆமா அண்ணாச்சி. பி.எஸ்ஸி. திமிரு."

மற்ற ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அவர் வேப்பமர நிழலில் அரைமணி நேரம் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து, "டீச்சருக்கு ஒரு அடி" என்று சொல்லித் தகட்டை ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து தினமும் அதே அடி. அந்த எட்டு வருடத்தில் சுற்றிலும் எத்தனையோ அறைகள் தீப்பிடித்தன. எங்கள் தெருவிலேயே இரண்டு பெண்கள் போனார்கள். எங்கள் அறைகளில் ஒன்றும் நடக்கவில்லை. அதை அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் நான் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன்.

கல்யாணமாகி, இருபத்தொன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்தேன். என் கணவர் செல்வம் காரியாபட்டிக்காரர், லேத் வேலை தெரிந்தவர். இங்கே பஸ் கட்டும் ஆலையில் அவருக்கு வேலை. நான் எந்த விண்ணப்பத்திலும் பட்டாசு என்று எழுதவில்லை, 'கெமிக்கல் கம்பெனி' என்று எழுதினேன். பக்கத்து நாடான அமெரிக்காவில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து சில வருடங்களே ஆகியிருந்தன. என் நிறத்தில் ஒருத்தி வெடிமருந்து என்று வாயைத் திறக்கும் காலம் இல்லை அது. இன்னொரு காரணமும் உண்டு. சிவகாசி என்றால் இங்கே தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு வேலை பார்க்கும் பிள்ளைகளையும் வெந்த உடம்புகளையும் தவிர வேறெதுவும் தெரியாது. அவர்களுடைய பரிதாபத்துக்கு நான் ஆளாக விரும்பவில்லை. வாயை மூடிக்கொண்டு, கேக்குக்குப் போடும் சர்க்கரை மாவை மூட்டை கட்டும் ஆலையில் சேர்ந்தேன். மூட்டையின் வாயைத் தைப்பது என் வேலை. அதிலேயே நான்கு வருடம் போய்விட்டது.

போன இலையுதிர்காலத்தில், தைக்கும் வேலைக்கு இயந்திரம் வரப்போகிறது, கோடைக்குப் பிறகு நீங்கள் தேவையில்லை என்று சொல்லி, எங்களில் ஆறு பெண்களை அரசாங்க வேலை ஆலோசனை நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். நடுவயதில் தொழில் மாற்றம், உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைக் கொண்டு தொடங்குங்கள் என்று தலைப்பு. அட்டையில் நரைத்த தலையோடு ஒரு தம்பதி சிரித்துக்கொண்டிருந்தார்கள். செல்வம் அதைப் பார்த்துவிட்டு, "முப்பத்து மூணு வயசுல உன்னையக் கெளவி ஆக்கிட்டாங்களே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வயதில், பள்ளிக்கூடம் போவதற்கு முன் தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்க உட்கார்ந்தவள் நான். அன்றிலிருந்து இருபத்து நான்கு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். உழைத்த காலத்தை வைத்துப் பார்த்தால் அந்த அட்டையில் நிற்க எனக்கும் உரிமை உண்டு.

ஆலோசகரின் பெயர் டெப்ரா. அன்பான பெண். இதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். புத்தகத்தின் தலைப்பு மனதில் இருந்ததால் முதன்முதலாக உண்மையைச் சொன்னேன். வெடிமருந்து கலக்கும் இடத்தில் எட்டு வருடம் மேற்பார்வை. தட்டச்சுச் சத்தம் நின்றது.

"யாருக்காக?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பெரும்பாலும் குழந்தைகளுக்காக" என்றேன்.

தீபாவளியை மனதில் வைத்துத்தான் சொன்னேன். அவள் எழுந்து வெளியே போய், வயதான அலுவலர் ஒருவரோடு திரும்பி வந்தாள். அவர் வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். நான் ஒரு தாளை இழுத்துப் புஸ்வாணமும் ராக்கெட்டும் வரைந்து, பக்கத்தில் சிரிக்கிற பிள்ளை ஒன்றையும் வரைந்து காட்டிய பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது. சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் என் எட்டு வருடத்தையும் மேசையிலிருந்து தள்ளிவிட்டார்கள். அதை எழுத வேண்டாம், உங்களுக்கு நல்லதில்லை என்றாள் டெப்ரா. உங்களிடம் பொறுமை இருக்கிறது, கை வேகம் இருக்கிறது, முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலைக்குப் போகலாம் என்று ஒரு படிவத்தை நீட்டினாள்.

முதியோரைப் பார்த்துக்கொள்வது கேவலம் இல்லை. என் கோபம் அந்தக் 'கை வேகம்' மேல். சின்னக் கை, வேகமான கை என்று சொல்லித்தான் எங்கள் ஊரில் பிள்ளைகளைத் தீக்குச்சி அடுக்க உட்கார வைத்தார்கள். அந்தக் கையிலிருந்து தலைக்கு வர எனக்கு எத்தனை வருடம் ஆனது! கடல் தாண்டி வந்தும் மறுபடி கைதானா? படிவத்தில் கையெழுத்துப் போடாமல், அதைக் கையோடு எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன். தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர் வேலைக்கு ஒரு படிப்பு இருப்பதை அந்தச் சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பார்த்திருந்தேன். தீ, தூசி, மின்பொறி என்று பாடங்களின் பட்டியல். பாதி எனக்குத் தெரிந்தவை. அதற்குத்தான் போவேன் என்று செல்வத்திடம் சொன்னேன்.

"ஏம்மா, அம்புட்டுத் தூரத்துலருந்து வந்து மறுபடியும் வெடிக் கம்பெனிக் கதையா? யாரு உனக்கு அந்த வேலையக் குடுப்பா?"

"குடுக்கலைன்னா கேப்பேன்."

"கேட்டும் குடுக்கலேன்னா?"

"அதுக்குள்ள படிச்சு முடிச்சிருப்பேன்ல. அப்பப் பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை போன் கார்டு போட்டு அம்மாவிடம் சொன்னேன். அவள் அவரைவிட மோசம்.

"அந்தத் தீயிலருந்து வெளிய அனுப்பத்தான் உன்னையப் படிக்க வச்சேன். அங்கன போயும் அதே பொழப்பா?"

"யம்மா, இது தீப்பிடிக்காமப் பாத்துக்கிற வேல."

"எல்லாம் ஒண்ணுதான். தீக்கிட்ட நிக்கணும்ல."

"நீ இன்னும் அங்கனதான நிக்கிற?"

"நான் படிக்காதவ, நிக்கிறேன். நீ ஏன் நிக்கணும்?"

 கார்டு தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த ஒரு மாதம், முதியோர் இல்லப் படிவம் குளிர்பதனப் பெட்டியின் மேல் காந்தத்தில் தொங்கியது. தினமும் அதைக் கடந்து போய்த்தான் தேநீர் போட்டேன்.

ஜனவரியில் ஒரு முற்பகல். வெளியே பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே குளிர், உள்ளே காற்று அப்பளமாகக் காய்ந்திருந்தது. தூசி உறிஞ்சும் குழாய் பழுதாகி, மூட்டை நிரப்பும் இயந்திரத்தைச் சுற்றிச் சர்க்கரை மாவு வெள்ளைப் புகையாக நின்றது. சர்க்கரை எல்லாருக்கும் இனிப்பு. காற்றில் நைஸாகப் பறக்கும்போது அது வெடிமருந்துதான், பொறி பட்டால் அறையோடு போகும். இயந்திரத்தின் பக்கம் போனேன். முன்கை மயிர் எழுந்து நின்றது. மாவு கொட்டும் குழாயிலிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மண்ணுக்குப் போக வேண்டிய கம்பியின் கிளிப்பைத் தேடினேன். யாரோ அதைக் கழற்றி ஆணியில் மாட்டி, அதன்மேல் தன் குளிர்ச்சட்டையையும் மாட்டியிருந்தார்கள். சாப்பாட்டுத் தூக்கு மாட்டிய அதே ஆணி என்று எனக்குத் தோன்றியது.

சிவப்புப் பொத்தானை அடித்து இயந்திரத்தை நிறுத்தினேன். "எல்லாரும் வெளிய வாங்க! ஒண்ணையும் தொடாதீக!" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் அத்தனை பேரும் நகர்ந்தார்கள். அதோடு நின்றிருக்கலாம். எங்கள் ஊரில் காற்று காய்ந்தால் மருந்து அறையின் தரையில் தண்ணீர் ஊற்றுவோம். எட்டு வருடப் பழக்கம், கை தானாகப் போயிற்று. ஓரத்தில் இருந்த தண்ணீர் வாளியைத் தூக்கி இயந்திரத்தைச் சுற்றி மடமடவென்று ஊற்றிவிட்டேன்.

வெடிமருந்து வேறு, சர்க்கரை வேறு. ஐந்து நிமிடத்தில் தரை முழுவதும் பாகு. அடுக்கியிருந்த மூட்டைகளின் அடிப்பாகம் கரைந்தது. மேலாளர் கென் ஓடி வந்தார். அவருடைய இடது காலணி பாகில் ஒட்டிக்கொண்டு, கால் மட்டும் வெளியே வந்தது.

"என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

நான் ஆணியில் தொங்கிய கிளிப்பைக் காட்டினேன். அவர் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மின்பணியாளர் ஒருவர் அளக்கும் கருவியோடு வந்து, என்னையும் கூட வைத்துக்கொண்டு பார்த்தார். கருவியின் எண்ணைப் படித்து, ஒரு தாளில் குறித்து, அதன் கீழே இரண்டு கோடு போட்டார். கிளிப் அதன் இடத்துக்குப் போனது. கழற்றக் கூடாது என்று பலகை வந்தது, குழாயையும் பழுது பார்த்தார்கள். எனக்கு மட்டும் ஓர் எச்சரிக்கைக் கடிதம். அனுமதியின்றி இயந்திரத்தை நிறுத்தியது, சரக்கை நனைத்தது என்று இரண்டு குற்றங்கள். முதலில் அழுகை வந்தது. அப்புறம் அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை வாசித்தேன். நான்கு வருடத்தில் இந்த நாடு என்னைப் பற்றி எழுதிக் கொடுத்த ஒரே அனுபவச் சான்றிதழ் அதுதான்.

முதியோர் இல்லப் படிவத்தைக் காந்தத்திலிருந்து எடுத்துக்கொண்டு டெப்ராவிடம் போனேன். படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எச்சரிக்கைக் கடிதத்தை வைத்தேன். மின்பணியாளரிடம் கேட்டு வாங்கிய அளவுத் தாளையும் வைத்தேன். என்ன நடந்தது, எதனால் அது எனக்கு மட்டும் தெரிந்தது என்று சொன்னேன். தகடு, கம்பி, தூக்கு, மாடசாமி அண்ணாச்சி என்று எதையும் விடவில்லை. இந்தத் தடவை படம் வரையவில்லை.

"இதற்காக வருந்துகிறீர்களா?" என்று கடிதத்தைத் தொட்டுக் கேட்டாள்.

"தண்ணீர் ஊற்றியதற்கு வருந்துகிறேன். நிறுத்தியதற்கு இல்லை."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பாதுகாப்புப் படிப்புக்கான விண்ணப்பத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தாள். முந்தைய தொழில் என்ற கட்டத்தில் பட்டாசுத் தொழிற்சாலை போர்மேன், சிவகாசி என்று எழுதினேன். எழுத்துப் பெரிதாகிக் கட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது. அடித்துத் திருத்தவில்லை.

இப்போது பகலில் மூட்டை தைத்துவிட்டு மாலை வகுப்புக்குப் போகிறேன். வேலை கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. போன வாரம் ஆசிரியர் ஒன்று சொன்னார். இந்த ஊரில் குளிர்காலத்தில் மண் ஆறடிக்கு உறைந்துவிடும், உறைந்த மண் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது, அதனால் கம்பி அதற்கும் கீழே இறங்க வேண்டும் என்றார். எங்கள் கம்பெனியில் நாலடிக் குழியில் உப்பும் கரியும் போட்டு, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். இங்கே இன்னும் ஆழம் போக வேண்டும். எழுதிக்கொண்டேன்.

அன்று வீடு திரும்பியபோது, எங்கள் அடுக்குமாடி வீட்டின் வாசலில் ஒரு பித்தளைத் தகடு பதிந்திருந்தது. செல்வம் ஆலையில் கிடந்த துண்டைக் கடைந்து எடுத்து வந்திருக்கிறார். கம்பியைச் சுடுநீர்க் குழாயோடு கட்டியிருந்தார், அது நிலவறை வழியாக மண்ணுக்குள் போகிறது. "தொடு. தொடாம வந்தா கதவத் தொறக்க மாட்டேன்" என்று உள்ளே நின்றுகொண்டு சொன்னார். தொட்டேன். அந்த நேரம் தாயில்பட்டியில் காலை எட்டு மணி. கம்பெனியில் மருந்து அறை வாசலில் வேலை ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அம்மா போன ஞாயிறு தானாகவே சொன்னாள், மாடசாமி இன்னும் "டீச்சருக்கு ஒரு அடி" என்று தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறாராம். "நானும் போற வழியில ரெண்டு தட்டுத் தட்டுறேன், உனக்கு ஒண்ணு" என்றாள். ஒரு கம்பி நனைந்த கரிசல் மண்ணில் நாலடியில் நிற்கிறது. இன்னொன்று பனிக்குக் கீழே, எனக்குத் தெரியாத ஆழத்தில். நடுவில் என் உள்ளங்கை, பித்தளையின் மேல், இன்னும் சில்லென்று இருந்தது.