எந்த ‘நாம்’ என்று கேட்டவர்

வைட்ஃபீல்டில் மெட்ரோ ஏறி உட்கார்ந்த சமயம் ருக்சானாவிடமிருந்து போன் வந்தது. ஷமீம் ஆபாவின் அண்ணன் மகள். “ஆன்ட்டி, அத்தை போயிட்டாங்க. காலையில தொழுதுட்டு உக்காந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க” என்றாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினேன் என்று தெரியவில்லை. அவர் வீட்டுக்குப் போக அதே ரயிலில்தான் போயிருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பேச்சு பாதியில் நின்றிருந்தது. அதை முடிக்காமல் அவர் கிளம்பிவிட்டதில் எனக்கு அழுகை வரவில்லை, முதலில் கோபம்தான் வந்தது. நடைமேடையில் நின்றுகொண்டு அவரைத் திட்டினேன். பக்கத்தில் நின்ற பெண் தள்ளிப் போய் நின்றாள்.

ஷமீம் ஆபாவை அறிந்த உங்களுக்கு அவர் கோபம் தெரியும். என் கோபத்தையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரேசர் டவுனில் பிரான்சிஸ் சாரின் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் நானும் ஆபாவும் பதினான்கு வருடம் எதிரெதிர் மேசை. ஆபாவின் பூர்விகம் வாணியம்பாடி, வீட்டில் உருது, வாசலுக்கு வந்தால் தமிழ். ஆபா என்றால் உருதுவில் அக்கா. நான் பெங்களூரிலேயே பிறந்து கன்னடப் பள்ளியில் படித்தவள். தாத்தா மாநில அரசு உத்தியோகத்தில் இருந்தவர். வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும் எழுத உட்கார்ந்தால் அதற்குள் கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சேர்ந்த முதல் வாரமே பீன்யா தொழிற்சாலை ஒன்றின் கன்னட அறிவிப்பைத் தமிழாக்கிக் கொடுத்தேன். அதில் ‘நாவு’ என்று இருந்தது. நான் யோசிக்காமல், “நாங்கள் கட்டாயம் ஹெல்மெட் அணிய வேண்டும்” என்று எழுதிவிட்டேன். அது சுவரில் ஒட்டப்பட்டதும் தமிழ்த் தொழிலாளர்கள் மேனேஜரிடம் போய், “சரிங்க சார், நீங்க போட்டுக்கங்க, நாங்க வேலையைப் பாக்கறோம்” என்றார்களாம். பிரான்சிஸ் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆபா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகுதான் அவருடைய வேலைமுறையைக் கவனித்தேன். எந்தக் காகிதத்தில் ‘நாம்’ வரவேண்டிய இடம் இருந்தாலும் வாடிக்கையாளருக்குப் போன் போடுவார். “படிக்கிறவங்களையும் சேர்த்துச் சொல்றீங்களா, சேர்க்காமச் சொல்றீங்களா?” சோப்பு விளம்பரமானாலும் கேட்பார், கோர்ட் காகிதமானாலும் கேட்பார். நேரம் வீணாகிறது என்று நான் முணுமுணுத்தால் ஒரே பதில்தான். “உருதுல ஹம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். கன்னடத்துல நாவு, இங்கிலீஷ்ல வி. நம்ம ஆபீசு நாலு பாஷையில தமிழ்லதான் தப்பிக்க முடியாது வசந்தி. யார் உள்ளே, யார் வெளியேன்னு சொல்லித்தான் ஆகணும்.”

ஒருநாள் அவர் வீட்டுத் தெருவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் உருதுத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கக் கொண்டுவந்தார்கள். நம் பெண்கள் வெளி ஆண்களோடு ஒரே அறையில் வேலை செய்யக் கூடாது, அப்படி அனுப்பும் வீடுகளின் நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது என்பது அதன் சாரம். மார்க்கத்தின் கட்டளை என்று தலைப்பு. ஆபா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“இதுல ‘நம் பெண்கள்’னு இருக்கே, நான் வர்றேனா?”

“நீங்க பெரியவங்க ஆபா. உங்களைச் சொல்லல.”

“அதோ உக்காந்திருக்காரே பிரான்சிஸ், அவர் வெளி ஆம்பளதானே? இருபது வருஷமா ஒரே ரூம். அப்ப நான் வர்றேன். என் அண்ணன் மக சாப்ட்வேர் கம்பெனியில இருக்கா, அவளும் வர்றா. எங்களைக் கேட்டா எழுதினீங்க?”

ஆபா காகிதத்தை மடித்து அவர்கள் கையிலேயே கொடுத்தார். “நான் அஞ்சு வேளை தொழறவ. எனக்கும் அல்லாவுக்கும் நடுவுல கமிட்டி எதுக்குப்பா?” அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பி, “சாமி பேர்ல சட்டம் போடறவன் எந்த மதமா இருந்தாலும் முதல்ல அவன் வீட்டுப் பொம்பளை மேலதான் போடுவான்” என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்துக்கொண்டே இருந்தார். பயமா என்று கேட்டேன். “பயம்தான். அதுக்காக வேலையைத் தப்பாச் செய்ய முடியுமா?”

அவருக்கு அதனால் வந்தது சின்னத் தொல்லை இல்லை. அலுவலகக் கதவில் அவர் பெயரைப் போட்டு அசிங்கமாக எழுதி ஒட்டினார்கள். சொந்தக்காரர்களின் கல்யாணங்களுக்கு அழைப்பு நின்றது. சொந்த அண்ணனே படியேறி வருவதை நிறுத்திக்கொண்டார். ருக்சானா மட்டும் வேலையையும் விடவில்லை, அத்தையையும் விடவில்லை.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுதினால் அது மோசடி.

எனக்கு ஒரே பெருமை. நடந்ததை அப்படியே எழுதி, அவர் பெயரையும் போட்டு, எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இதயங்களாகக் கொட்டின. எங்கள் சங்கச் செயலாளர் சீனிவாசன், “சல்யூட் ஷமீம் மேடம்” என்று எழுதினார். யாரோ, “பாத்தீங்களா, அவங்க ஆளே சொல்றாங்க, அந்த மதமே அப்படித்தான்” என்று சேர்த்தார்கள். அது ஊரெல்லாம் சுற்றி, அந்த வாலும் சேர்ந்தே, ருக்சானாவின் ஆபீசுக்குப் போய் அங்கிருந்து ஆபாவின் போனுக்கு வந்தது.

“யார் உன்னைக் கேட்டா?” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. “நான் என் வீட்டுக்குள்ள சண்டை போட்டேன். நீ அதை எடுத்துட்டுப் போய் எதிர்வீட்டுக்காரன் கையில கல்லாக் கொடுத்துட்ட. அந்தக் கல்லு யார் மேல விழும்? அந்த ரெண்டு பசங்க மேலயா? ருக்சானா மேல விழும், என் மேல விழும்.” நல்லதுக்குத்தானே செய்தேன் என்று நானும் கத்தினேன். இரண்டு வாரம் பேச்சில்லை. மூன்றாம் வாரம் என் மேசையில் சமோசா பொட்டலம் ஒன்றை வைத்தார். மன்னித்துவிட்டார் என்று நினைத்துக் கடித்தேன். “தின்னுட்டு அதை டெலீட் பண்ணு” என்றார். அழித்தேன். ஊரில் சுற்றியதை எப்படி அழிப்பது?

கல் விழ அதிக நாளாகவில்லை. ருக்சானா ஆபீசுக்குப் பக்கத்தில் வீடு தேடினாள். எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடி காலியாக இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். சேலத்தில் இருக்கும் வீட்டு உரிமையாளர் சரி என்றார். பெயரைக் கேட்டதும் சங்கம் குறுக்கே வந்தது. சீனிவாசன் என்னிடமே ஓர் ஆங்கிலக் கடிதத்தைக் கொடுத்து, வெளியூரில் இருக்கும் தமிழ் உரிமையாளர்களுக்கு அனுப்பத் தமிழில் வேண்டும் என்றார். நம் கலாசாரத்தைக் காக்க, நம் வீடுகளை நம் குடும்பங்களுக்கே வாடகைக்கு விடுவோம் என்பது விஷயம். “பேரெல்லாம் எதுவும் போடல மேடம், டீசன்டாதான் இருக்கு. நம்ம ஆளு நீங்க, பார்த்துப் பண்ணுங்க.” வீடு கேட்டு வந்த பெண் யாருடைய அண்ணன் மகள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

ஆபாவிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“நீ என்ன பண்ணப் போற?”

“வெறும் மொழிபெயர்ப்புதானே ஆபா. நான் செய்யலைன்னா வேற யாராவது செய்வாங்க. நாங்க அங்கேயே குடியிருக்கணும். என் வீட்டுக்காரர் வேற சங்கத்துல எல்லாரோடயும் பழகறவர்.”

“நான் அதைக் கேக்கல. நீ என்ன பண்ணப் போற?”

“யோசிக்கறேன்.”

“யோசி. நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்” என்றார். அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை அந்த போன் வந்தது.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். சீனிவாசன் எடுத்த எடுப்பில், தான் சல்யூட் வைத்த அந்தத் தைரியசாலி காலமாகிவிட்டார் என்று சொல்லி எல்லோரையும் எழுந்து நிற்க வைத்தார். மனதார நின்றார்கள், அதை நான் மறுக்கவில்லை. உட்கார்ந்ததும் அடுத்த விஷயம் அந்தக் கடிதம்தான்.  எழுந்தேன். என் வீட்டுக்காரர் என் புடவையைப் பிடித்து மெல்ல இழுத்தார்.

“மூணாவது மாடி கேட்ட பொண்ணு, இப்ப நாம எழுந்து நின்னோமே, அவங்களோட அண்ணன் மக” என்றேன்.

 சீனிவாசன்தான் சமாளித்தார். “தனிப்பட்ட முறையில ஒண்ணும் இல்ல மேடம். ஒருத்தரை விட்டா அப்புறம் வரிசையா வருவாங்க. பாதுகாப்பு பாக்கணும் இல்லையா?” கை தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். காலையில் என்னோடு நடக்கிற தோழிகள் தூக்கினார்கள். என் வீட்டுக்காரர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவரிடமிருந்து அதுவே பெரிது.

“அப்ப மேடம், தமிழ்க் கடிதத்துல ‘நாம் அனைவரும் முடிவு செய்துள்ளோம்’னு போட்டுடலாமா?”

“நாம்னு வராது சார். நாம்னா நானும் வந்துடுவேன். ‘நாங்கள்’னு போடுங்க. அதையும் நீங்களே எழுதிக்கங்க.”

“என்ன மேடம், ஒரு வார்த்தை விஷயம்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதம் வேறு யாரோ எழுதிப் போய்விட்டது. சேலத்து உரிமையாளரும் பின்வாங்கிவிட்டார். இப்போது லிஃப்டில் நான் ஏறினால் பேச்சு நின்றுவிடுகிறது. நடைக்குத் தனியாகப் போகிறேன்.

ஆபாவின் தைரியத்தை வைத்துக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். பொய் சொல்ல வேண்டாம், அன்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. சங்கத்தில் சொல்ல வேண்டியதை ஆபா உயிரோடு இருந்தபோது சொல்லாமல் யோசித்துக்கொண்டிருந்தேன். அது ஆறவில்லை. யாராவது ‘நம்ம ஆளுங்க’ என்று ஆரம்பித்தால் என்னால் சும்மா உட்கார முடியவில்லை. என் கோயிலில் சொன்னாலும் முடியவில்லை, அவர் தெருவில் சொன்னாலும் முடியவில்லை. இந்த நிம்மதியின்மைதான் அவரிடமிருந்து எனக்கு வந்தது. இதை யாரும் சமாதானம் சொல்லிப் போக்கிவிட வேண்டாம்.

ருக்சானா வேறு இடத்தில் வீடு பார்த்துவிட்டாள். பால் காய்ச்சிய அன்று போயிருந்தேன். “ஏன் ஆன்ட்டி இன்னும் அங்கேயே கஷ்டப்படறீங்க? நீங்களும் இந்தப் பக்கமே வந்துடுங்களேன்” என்றாள்.

“நான் காலி பண்ணிட்டா அவங்க ‘நாம்’னே எழுதிடுவாங்கம்மா” என்றேன்.